கைச்சரக்கு

அன்புள்ள அய்யாவுக்கு,

போன மாதம் கோவையில் ஒரு நாடகம் பார்த்தேன். 'எழுதி வைத்த வசனம் கிடையாது, இன்றைக்குத் தோன்றுவதுதான்' என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம் தரையில் உருண்டார்கள், நாற்காலியைத் தூக்கினார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கத்தினார்கள். நவீன கலை என்றார் பக்கத்தில் இருந்தவர். ஒத்திகை பார்க்காததற்கு இப்படி ஒரு பெயரா? இல்லை, நான்தான் பழைய ஆளா?

ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

பழைய ஆளா என்று தெரியாது. டிக்கெட் காசு போன ஆள் என்று தெரிகிறது. எனக்கும் இரண்டு மூன்று முறை போயிருக்கிறது.

சின்ன வயதில் காங்கேயம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கடிப் பாட்டாக அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதைதான்) கேட்டேன். நடுச்சாமம் தாண்டி கூட்டம் தூங்கி விழுந்தது. உடுக்கைக்காரர் கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப் பன்றியைக் கொண்டுவந்து எங்கள் ஊர் மஞ்சள் காட்டிலேயே இறக்கிவிட்டார். காட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து, "எந்தப் பக்கமுங்க?" என்றார். அதற்கும் பாட்டிலேயே பதில் வந்தது. அது அவருடைய கைச்சரக்கு. ஆனால் பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பிப் பாடினாரே, அந்த இரண்டு மூச்சு நேரத்தில்தான் அடுத்த அடி பிறந்தது. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965இல் இந்தக் கதையை எங்கள் பகுதியில் ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதே பாடகர் கூட்டமில்லாமல் சொல்லச் சொல்ல எழுதிய வடிவமும் உண்டு. ஒரே ஆள், ஒரே கதை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எதிரே ஆள் இல்லையென்றால் கதையே வேறாகிவிடுகிறது.

சரி, நீங்கள் பார்த்த உருளலுக்கு வருவோம். அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972இல் தொடங்கிய 'கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷன்' நடனத்திலும் உருளுவார்கள். ஒருவர் தன் எடையை மற்றவர் மேல் சாய்ப்பார், அவர் அதைத் தாங்கி வேறு பக்கம் திருப்புவார். அடிபடாமல் விழுவதற்கே தனிப் பயிற்சி உண்டு. பாக்ஸ்டன் அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகியவர். ஒத்திகை பார்க்காதவன் அங்கே போனால் முழங்கைதான் பெயரும்.

ஒன்று மட்டும் நினைவிருந்தால் எழுதுங்கள். அந்த நாற்காலியை ஒருவர் தூக்கினாரே, இறக்கி வைத்த பிறகு அதை வேறு யாராவது தொட்டார்களா?