தெப்பத்தில் கடல்பாசி: வாசகர் கேள்விகள்

ஐந்து பெண்கள் சேர்ந்து கடல்பாசி வளர்க்கப் போகிறோம். ஆளுக்கு 45 தெப்பம் வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு எதற்கு? தெப்பம் எப்படிக் கட்டுவது?
– மகளிர் குழு, மண்டபம்

நட்ட பாசி அறுப்புக்கு வர 45 நாள் ஆகும். தினம் ஒரு தெப்பம் நட்டுக்கொண்டே போனால், அதன் பிறகு தினம் ஒன்றை அறுக்கலாம். 45 என்ற எண் வந்தது அப்படித்தான். அதற்காக முதல் மாதமே 45 தெப்பத்துக்கும் கடன் வாங்க வேண்டாம்.

ஒரு தெப்பத்துக்கு 12 அடி மூங்கில் நான்கு தேவை. 3 முதல் 4 அங்குலப் பருமன் இருக்க வேண்டும். சதுரமாகக் கட்டி, நான்கு மூலையிலும் 4 அடிக் கம்பைக் குறுக்காகப் போடுங்கள். இந்தக் கம்பை மிச்சம் பிடித்தால் முதல் பெரிய அலையிலேயே சதுரம் கோணிவிடும். பிறகு 3 மி.மீ. கயிறு 20 வரிசை, வரிசைக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக 60 கிலோ. முடிச்சை இறுக்கினால் தண்டு அறுந்துபோகும். பாசி நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். அடியில் பழைய வலையைக் கட்டாயம் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரா மீன் கூட்டம் வந்து மேய்ந்துவிடும். விதையை ஈரச்சாக்கு போட்டு நிழலில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கட்டி முடித்துவிடுங்கள்.

பத்துப் பத்துத் தெப்பமாகச் சரம் கோத்து நங்கூரம் போடலாம். கடல் வற்றும் நேரத்திலும் 3 அடித் தண்ணீராவது நிற்கும் இடமாகப் பாருங்கள். தெப்பம் தரை தட்டினால் பாசியில் சேறு ஏறும்.

இனி கணக்கு. நல்ல பருவத்தில் ஒரு தெப்பம் 200 கிலோவும் அதற்கு மேலும் தரும். அதில் 60 கிலோ மறுபடியும் விதைக்குப் போகும். மீதி 140 கிலோ காய்ந்தால் 14 கிலோ. பத்துக்கு ஒன்று என்பதுதான் காய்ச்சல் கணக்கு. பலர் 200 கிலோவை விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்! பத்துத் தெப்பத்தில் தொடங்கி, முதல் அறுப்பில் ஒரு கிலோகூட விற்காமல் விதையாக்கினால் 30 தெப்பத்துக்கு மேல் நடலாம். முதல் மூன்று மாதம் வருமானம் இராது என்பதைக் குழுக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாசியின் நுனி வெளுத்து, தொட்டாலே ஒடிகிறது. மருந்து உண்டா?
– வாசகி, தங்கச்சிமடம்

மருந்து கிடையாது. தண்ணீர் சூடேறும்போதும், மழைநீர் கலந்து உப்பு குறையும்போதும், ஓட்டமில்லாமல் கடல் கிடக்கும்போதும் பாசி நலிகிறது. நலிந்த இடத்தில் கிருமி புகுந்து வெளுக்கிறது. 45 நாள் ஆகவில்லையே என்று காத்திருக்காதீர்கள். உடனே அறுத்து, நல்ல பகுதியைக் காயப்போடுங்கள். அந்தத் தெப்பத்திலிருந்து விதை எடுக்கவே கூடாது. மற்றத் தெப்பங்களைத் தினமும் உலுக்கி, ஒட்டியிருக்கும் அழுக்கையும் வேற்றுப்பாசியையும் கழுவிவிடுங்கள். சித்திரை வெயிலில் கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவது உதவும். 2013-ஐ ஒட்டி இந்தக் கரையில் பாசி மொத்தமாக அழிந்த பிறகு, விதைக்கு அலைய வேண்டியிருந்தது. அதனால் குழுவின் விதை முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

வியாபாரி ஈரம், மண் என்று சொல்லி எடையைக் கழிக்கிறார். நியாயமா?
– வாசகர், தொண்டி

மணலில் காயப்போட்டிருந்தால் நியாயம்தான். கம்பு நட்டு வலை விரித்த பரணில் காயப்போடுங்கள். காற்று அடியிலும் புகும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். இரவில் பனி படாமல் தார்ப்பாய் மூடுங்கள். பாதி காய்ந்ததில் மழை பட்டால் சத்து கரைந்து தரம் போய்விடும். எடை போடும்போது குழுவின் தராசும் பக்கத்தில் இருக்கட்டும்.

அரசு மானியம் எவ்வளவு?
– வாசகி, தேவிபட்டினம்

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தெப்பம் ஒன்றின் மதிப்பை 1,500 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், அதாவது 900 ரூபாய் மானியம் என்றும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்றும் இருந்தது. மூங்கில் விற்கிற விலையில் 1,500-க்குள் அடங்காது, கைப்பணமும் வேண்டும். செலவு ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இப்போதைய நிலையை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தீவுக்குப் பக்கத்தில் அலை குறைவு. அங்கே தெப்பம் போடக் கூடாதா?
– வாசகர், பாம்பன்

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தெப்பத்தில் வளர்ப்பது வெளிநாட்டுப் பாசி; 'பெப்சி பாசி' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். உடைந்த துண்டு ஒன்று ஒட்டினாலும் வளரும். குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் அது படர்ந்து, பாறையையே மூடியது. அறுக்கும்போது சிதறும் துண்டுகளை வடகடலிலும் (பாக் விரிகுடாவிலும்) அரிவலை வைத்துப் பொறுக்கிவிடுங்கள். வாடை தொடங்கும் ஐப்பசிக்குள் தெப்பங்களைக் கரையேற்றி, விதையை மட்டும் ஒதுக்கமான இடத்தில் காப்பாற்றுங்கள்.