கோல்ஃப் டிரைவருக்கு ஒற்றைத்தள வீச்சு ஏற்றதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 54. வார இறுதிகளில் வெலிங்டன் ஜிம்கானா மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறேன். உலோக முகம் கொண்ட, நீளம் குறைந்த அயர்ன் கோல்கள் ஓரளவு கைகொடுக்கின்றன. வெகுதூரம் அடிப்பதற்கான டிரைவர் என்ற நீளமான கோலில் அடிக்கும் பந்து மட்டும் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடுகிறது. ஒற்றைத்தள வீச்சுக்கு மாறும்படி நண்பர் வற்புறுத்துகிறார். அதனால் நன்மை உண்டா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: டிரைவரைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் உங்கள் இடுப்பும் முதுகும் அதற்கு ஒத்துழைக்குமா என்று பார்த்த பிறகே மாற வேண்டும்.

வீச்சை ஒற்றைத்தளம், இரட்டைத்தளம் என்று பிரிக்கும் வகைப்பாட்டைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் ஹார்டி. வலக்கை ஆட்டக்காரர் கோலைப் பின்னோக்கி உச்சிக்குக் கொண்டுசென்ற நிலையில், அவருடைய இடக்கை தோள்களின் சாய்வுக்கோட்டிலேயே படிந்திருந்தால் அது ஒற்றைத்தளம். அக்கோட்டுக்கு மேலே உயர்ந்து நின்றால் இரட்டைத்தளம். புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர்களில் முதலாவதற்குப் பென் ஹோகனையும் இரண்டாவதற்கு ஜாக் நிக்லஸையும் எடுத்துக்காட்டுவார்கள் என்பதால், எது உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்கிப் பயனில்லை. ஹார்டியிடம் பயின்ற பீட்டர் ஜேக்கப்சன் 2003இல், தம் 49ஆவது வயதில், கிரேட்டர் ஹார்ட்ஃபோர்டு ஓப்பன் போட்டியை வென்றார் என்பது உங்களுக்குத் தெம்பு தரலாம்.

பந்து வலப்பக்கம் வளைவதற்குக் காரணம், அடிபடும் கணத்தில் கோலின் முகம் அது வரும் பாதையைவிட வலப்பக்கமாகத் திறந்திருப்பதே. பலருக்குக் கோல் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருவதால் இது நேர்கிறது. கையை உயரத் தூக்கிய ஆட்டக்காரர், அது மார்புக்கு முன்னால் இறங்கும்வரை தோளைத் திருப்பாமல் பொறுத்திருக்க வேண்டும்; முந்திக்கொண்டு திருப்பினால் கை வெளியே தள்ளப்பட்டு, வெட்டு விழுந்துவிடும். ஒற்றைத்தளத்தில் கை ஏற்கெனவே தோளின் கோட்டில் இருப்பதால், உச்சியிலிருந்து உடலை விசையோடு திருப்பினாலும் அது அதே சாய்வில் சுற்றி வருகிறது. கையையும் உடலையும் நேரம் பார்த்து இணைக்க வேண்டிய பாடு குறைவதுதான் இம்முறையின் தலையாய நன்மை. டிரைவரில் அது நன்றாகவே தெரியும். ஏனெனில், பையிலேயே மிக நீளமான அந்தக் கோல் பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டியது, முகச்சாய்வோ (கோலின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) பொதுவாக 9 முதல் 12 பாகைதான். அயர்னில் பெரிதாகத் தெரியாத பிழைகூட இங்கே பந்தைப் புதரில் கொண்டு சேர்த்துவிடும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, அந்தக் குனிவு கலையாமல் உடலைச் சுழற்ற வேண்டியிருப்பதால் கீழ்முதுகுக்குச் சுமை அதிகம். முதுகெலும்புத் தட்டு விலகல் போன்ற தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது, மலைக்குளிரில் உடலைச் சூடேற்றாமல் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) டிரைவரை எடுப்பது யாருக்குமே நல்லதில்லை. டிரைவரில் பந்து தள்ளி இருப்பதால் நிமிர்ந்து நிற்கத் தோன்றும். நிமிர்ந்து நின்றுகொண்டு கையை மட்டும் தட்டையாகச் சுற்றினால் இரண்டு முறைகளின் குறைகளும் ஒன்றுசேரும். கை முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிச் சிக்கிக்கொண்டால் பந்து நேரே வலப்பக்கம் போகும், அல்லது மணிக்கட்டு அவசரமாகப் புரண்டு இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பந்துக்கும் இலக்குக்குமான கோட்டில், உங்களுக்குப் பின்னால் கைபேசியை இடுப்பளவு உயரத்தில் வைத்துப் படம்பிடித்து, உச்சிநிலையில் நிறுத்திப் பாருங்கள். இடக்கை தோளுக்கு மேலே தனியாகத் தெரிந்தால் நீங்கள் இப்போது இரட்டைத்தளக்காரர். பிறகு, கிரிக்கெட்டில் மார்பளவு எழும் பந்தைப் புல் ஷாட் அடிப்பதுபோல் டிரைவரைக் கிடையாகச் சுற்றிப் பழகி, அதே சுழற்சி மாறாமல் சிறிது சிறிதாகக் குனிந்து தரைக்கு வாருங்கள். பந்தை இடது குதிகாலுக்கு நேராக, உயரமான டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைத்தால் கோல் சற்றே மேலேறும்போது பந்தைச் சந்திக்கும்.

கேள்வி: கனடாவின் மோ நார்மன் ஆடியதும் இதே முறைதானா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இல்லை. நார்மன் பந்தின் முன் நிற்கும்போதே கையையும் கோலையும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் நீட்டிப் பிடித்து, அடிக்கும் கணத்திலும் அதே கோட்டுக்குத் திரும்பியவர். ஹார்டி கணக்கில் கொள்வது உச்சிநிலையில் கையும் தோளும் அமையும் விதத்தை. ஒன்றுக்கான பயிற்சியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் ஒற்றைத்தள வீச்சுக்கு மாறிய பிறகு டிரைவரில் தூரம் கூடிவிட்டது, வளைவும் குறைந்துவிட்டது. சென்னைக்குப் போனால் பழையபடி ஆகிவிடுகிறதே?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: அந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு மலைக்கு உரியது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு என்பதால், சென்னையில் 200 யார்டு பறக்கும் பந்து ஊட்டியில் ஏறக்குறைய 215 யார்டு போகும். சுழலும் பந்தைப் பக்கவாட்டில் இழுப்பதும் அதே காற்றுதான் என்பதால், ஸ்லைஸும் (வலப்பக்க வளைவும்) இங்கே சாதுவாகத் தெரியும். கொடைக்கானலில் ஆடுபவர்களுக்கும் இதே நிலைதான். புதிய வீச்சை மலையில் பழகுங்கள். அது படிந்துவிட்டதா என்பதைச் சமவெளி மைதானத்தில் பந்து வளையும் அளவை வைத்தே கணியுங்கள்.