தோட்டாவை நாமே நிரப்பலாமா? சில கேள்விகள், சில பதில்கள்

உரிமத்தோடு பிஸ்டல் வைத்துக் குறி சுடுபவர்களில் ஒரு சாரார், சுட்டபின் தரையில் சிதறும் பித்தளை உறைகளைக் குனிந்து குனிந்து பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவற்றில் புது பிரைமர் (ஊசி தட்டியதும் பொறி தரும் சிறு மூடி), புது மருந்து (வெடிமருந்து), புதுக் குண்டு (குழலிலிருந்து பறக்கும் முனை) ஏற்றி மறுபடி சுடுவார்கள். ரீலோடிங் என்பது இதுதான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எல்லா நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு அல்ல. மருந்தையும் பிரைமரையும் உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றமாகும் இடங்கள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கேள்வி: வாராவாரம் 9 எம்.எம். பிஸ்டலில் சுடுகிறேன். தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. நானே நிரப்பினால் மிச்சம் பிடிக்கலாமா?

கொஞ்சம் பிடிக்கலாம். நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஒரு தோட்டாவில் நாலு பாகம்: உறை, பிரைமர், மருந்து, குண்டு. இதில் திரும்பக் கிடைப்பது உறை மட்டும்தான். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் வாங்கியாக வேண்டும். மருந்துச் செலவைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன். கணக்குப் போடுவதற்காக மட்டும் தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்று வைத்தால், ஒரு பவுண்டு டப்பாவில் 1400 தோட்டா வந்துவிடும். (கணக்குக்குத்தான் சொன்னேன்; உங்கள் அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.) காசை விழுங்குவது பெரும்பாலும் குண்டு, அடுத்தது பிரைமர்.

9 எம்.எம். தோட்டாவைத் தொழிற்சாலைகள் மலைபோல் செய்து தள்ளுவதால் கடை விலையே குறைவு. நீங்கள் உதிரியாக வாங்கிச் சேர்க்கும்போது வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அதுவே .44 மேக்னம், .45 கோல்ட் போல அதிகம் ஓடாத ரகங்கள் என்றால் மிச்சம் நன்றாகவே தெரியும். இன்னொன்று, ரீலோடிங் ஆரம்பித்துச் செலவைக் குறைத்தவர்களைவிட, அதே செலவில் இன்னும் அதிகமாகச் சுடத் தொடங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேஜையில் உட்காரும் நேரத்துக்குக் கூலி போட்டால் கணக்கு இன்னும் மோசம்.

அந்த நேரத்தைச் செலவாக நினைப்பவர் என்றால் பிரஸ் (தோட்டா நிரப்பும் கைப்பிடி இயந்திரம்) வாங்காதீர்கள். அந்த நேரத்துக்காகவே வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் சாயங்காலமானால் அந்த மேஜையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் ஒரு பொருளைத் தானே செய்வதில் அப்படி என்னதான் இருக்கிறது? பிறந்தநாளுக்கு அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கவும் யோசனை.

ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

சுட்ட உறை புகை படிந்து, சற்று உப்பிப்போய் இருக்கும். கழுவிக் காயவைத்ததைப் பிரஸ்ஸில் செருகிக் கைப்பிடியை இழுத்தால், உறை டை என்ற அச்சுக்குள் இறுக்கமாக ஏறுவது உள்ளங்கையில் தெரியும். அதே இழுப்பில் பழைய பிரைமர் கழன்று கீழே 'டிக்' என்று விழும். சுவரில் விரிசல் விட்ட உறை என்றால் அந்த இறுக்கம் இருக்காது; பழகிய கை கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதை எடுத்துத் தனியாகப் போட்டுவிடும். அடுத்தது புதுப் பிரைமர். அது உறையின் அடிமட்டத்தை விட ஒரு மயிரிழை உள்ளே உட்கார வேண்டும். விரல் நுனியால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உறையின் வாயை லேசாக விரித்து, மருந்தை அளந்து கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்து, குண்டை வைத்து அழுத்தி, விரித்த வாயை மறுபடி ஒடுக்கினால் தோட்டா தயார். துப்பாக்கியிலிருந்து குழலைத் தனியே கழற்றி எடுத்து, புதுத் தோட்டாவை அதன் அறைக்குள் விட்டுப் பார்ப்பார்கள். சரியாகச் செய்தது என்றால் 'டக்' என்று விழுந்து, கவிழ்த்ததும் தானாக வெளியே வரும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே உட்காருகிறவர்கள் உண்டு.

இதற்கு மேல், தன் துப்பாக்கிக்கென்றே தைப்பது போன்ற ஒரு சுகமும் இருக்கிறது. ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பின் துப்பாக்கி சுடும் போட்டிகள் போன்றவற்றில் குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுப்பார்கள். சாதாரண வகுப்புக்கு அந்த எண் 125 ஆவது இருக்க வேண்டும். கடைத் தோட்டா பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கும், உதையும் அதிகம். வீட்டில் நிரப்புபவர், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே கனமான குண்டும் மிதமான வேகமுமாகச் சேர்த்து, 125ஐச் சற்றே தாண்டினால் போதும் என்று அமைத்துக்கொள்வார். கை அதிராத தோட்டா, வேகமாக அடுத்த குறிக்குப் போகலாம். தானே செய்த அந்தத் தோட்டாவை வேகமானி முன்னால் வைத்துச் சுட்டு எண்களை நோட்டில் எழுதும்போது ஆள் முகத்தைப் பாருங்கள்.

பரிசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நல்ல வளையும் கழுத்துள்ள மேஜை விளக்கு வாங்குங்கள். பலர் விலையுயர்ந்த பிரஸ்ஸை வாங்கிவிட்டு அரை இருட்டில் வேலை செய்கிறார்கள். உறைக்குள் மருந்து விழுந்திருக்கிறதா என்று கண் பார்த்தாக வேண்டும்.

ஒரு கண்டிப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்: அந்த மேஜையில் காபி, முறுக்கு எதுவும் கூடாது. சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அங்கே குழந்தைகள் விளையாடக் கூடாது. உறைகளை உலர்ந்த பொடியில் சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை வீட்டுக்குள் வைத்திருந்தால் அதன் தூசியிலும் ஈயம் உண்டு. தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டுச் சுழற்றும் வகைக்கு மாறச் சொல்லுங்கள். விளக்கு வேண்டாம் என்றால் அதையே பரிசாகக் கொடுக்கலாம்.

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறேன். கடைக்காரர் புரோகிரசிவ் பிரஸ்தான் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் வீண் என்கிறார். உண்மையா?

அவருக்கு உண்மை. உங்களுக்கு இல்லை.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான். நூறு உறையையும் ஒரு டையில் முடித்துவிட்டு, டையை மாற்றி, மறுபடி நூறையும் அடுத்த வேலைக்கு எடுக்க வேண்டும். டரட் பிரஸ்ஸில் டைகள் எல்லாம் தலையில் வட்டமாக நிற்கும். உறையை எடுக்காமலே தலையைத் திருப்பி ஒரு தோட்டாவை முழுதாக முடிக்கலாம். புரோகிரசிவில் நாலைந்து உறைகள் ஒரே நேரத்தில் சுற்றி வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா வெளியே விழும்.

வேகம் என்று பார்த்தால் புரோகிரசிவுக்குப் போட்டி இல்லை. ஆனால் ஒரே இழுப்பில் நாலு காரியம் நடக்கும்போது, பழகாத கண் நாலையும் பார்க்காது. பிரைமர் ஏறாமல் மருந்து கீழே கொட்டும், ஓர் உறை சிக்கும், அதை எடுக்கிற பதற்றத்தில் ஏற்கெனவே மருந்து விழுந்த உறையில் இன்னொரு தடவை விழும். இந்தப் பொழுதுபோக்கில் உண்மையாகப் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, மருந்தே விழாத தோட்டா. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சத்தம் 'புஸ்' என்று கேட்டதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். இன்னொன்று இரட்டை மருந்து. .38 ஸ்பெஷல், அதிக இடம் பிடிக்கும் பழைய கருமருந்துக் காலத்தில் பிறந்த தோட்டா என்பதால் உறை நீளம். வேகமாக எரியும் இன்றைய மருந்து அதன் அடியில் சிறிதளவே நிற்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. அதனால், கையேட்டில் உங்கள் தோட்டாவுக்குப் பரிந்துரைத்த மருந்துகளில், இரண்டு தடவை விழுந்தால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும் பருமனான ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரஸ் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

என் யோசனை: டரட்டில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் கையில், ஆனால் டையை மாற்றும் சலிப்பும் இல்லை. பிற்பாடு வேகம் வேண்டும் என்று தோன்றினால் புரோகிரசிவ் எங்கேயும் ஓடிப்போகாது. லீ கம்பெனியின் டரட் விலை குறைந்த ரகம், வேலைக்குப் பழுதில்லை. டில்லன், ஹார்னடி புரோகிரசிவ்கள் நன்றாக உழைக்கும், விலையும் அதற்கேற்ப.

வாங்கும்போது ஒரு நுணுக்கம். பெரும்பாலான பிரஸ்களும் டைகளும் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி என்ற ஒரே அளவு மரையில் வருகின்றன. ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் உட்காரும். விதிவிலக்கு, டில்லனின் ஸ்குவேர் டீல். அதற்கு அதன் சொந்த டைகள்தான் வேண்டும். பிற்பாடு பிரஸ்ஸை மாற்றினால் அந்த டைகள் அனாதை. பிஸ்டல் டை வாங்கும்போது கார்பைடு வளையம் உள்ளதையே கேளுங்கள். உறைக்கு எண்ணெய் தடவித் துடைக்கும் தொல்லை மிச்சம்.

கேள்வி: பழைய பிரஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. கூடவே பாதி காலியான மூன்று மருந்து டப்பாக்களும் இலவசமாம். வாங்கலாமா?

பிரஸ்ஸை வாங்குங்கள், மருந்தை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வார்ப்பிரும்பு பிரஸ் லேசில் சாகாது. உறையை ஏற்றும் தண்டை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் தேய்ந்துபோயிற்று. மரையில் துரு, உடலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டுமா, பொருளோடு வருமா என்று கம்பெனியிடமே கேட்டுக்கொள்வது நல்லது. மருந்து விஷயம் அப்படி இல்லை. எரியும் வேகம் வேறு வேறாக உள்ள இரண்டு மருந்துகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். திறந்த டப்பாவில் லேபிள் சொல்வதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி? இலவசம் என்பதற்காக விரலையும் கண்ணையும் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: மருந்தை நிறுக்கும் தராசு டிஜிட்டலா, பழைய பீம் (துலாக்கோல்) வகையா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பீம். பேட்டரி இறங்காது, எண்கள் தானாக நகராது. டிஜிட்டல் ஏற்கெனவே இருக்கிறது என்றால், எடை தெரிந்த சோதனைக் கற்களை வாங்கி ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் சரிபாருங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு எடை போடுங்கள்.

கேள்வி: சுடுமிடத்தில் பொறுக்கிய உறைகளைப் போட்டால் பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி உடைந்துவிடுகிறது. மட்டமான டையை என் தலையில் கட்டிவிட்டார்களா?

டை மேல் தப்பில்லை. உறையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, வழக்கமான டையின் ஊசிக்கு ஏற்றது. நடுவில் இல்லாமல் ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. ஊசி வெறும் பித்தளையில் மோதித்தான் உடைந்திருக்கிறது. பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவில் பல நாடுகள் பெர்டான் பக்கம் போயின. யார் யாருக்கு என்று ஒரு கணக்கே இல்லை.

பொறுக்கியவற்றை ஒரு காந்தத்தால் தடவுங்கள், எஃகு உறைகள் ஒட்டிக்கொள்ளும். வெளிர் சாம்பல் நிறத்தில் எடையே இல்லாமல் இருப்பது அலுமினியம். இரண்டையும் ஒதுக்குங்கள். .45 ஏ.சி.பி. உறை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: அதில் பெரிய பிரைமர், சின்ன பிரைமர் இரண்டு வகையும் கலந்து வருகின்றன. பிரிக்காமல் போட்டால் பிரஸ் நடுவில் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: நண்பர் தான் நிரப்பிய தோட்டாக்களை மலிவாகத் தருகிறேன் என்கிறார். கெட்டிக்காரர்தான். வாங்கலாமா?

வேண்டாம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அந்தத் தோட்டா அவருடைய துப்பாக்கி அறைக்குப் பொருத்திச் செய்தது. ஏதாவது நடந்தால், மறுநிரப்பிய தோட்டா சுட்ட துப்பாக்கிக்கு வாரண்டி கிடையாது என்று பல துப்பாக்கிக் கம்பெனிகள் கையேட்டிலேயே அச்சிட்டு வைத்திருக்கின்றன. சில சுடுமிடங்கள் கடைப்பெட்டித் தோட்டாவைத் தவிர எதையும் உள்ளே விடுவதில்லை. தனக்காக நிரப்புவதற்கு அனுமதி இருக்கும் நாட்டிலும், விற்பதற்குத் தனி உரிமம் கேட்கலாம். காசு வாங்கினால் நண்பரும் மாட்டிக்கொள்வார். அவர் மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் துப்பாக்கிக்கு உங்கள் கையாலேயே ஐம்பது நிரப்பக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். போகும்போது குண்டும் பிரைமரும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.