சார்மத் கரையில் பொறுக்கியது என்ன? கேள்வி பதில்

இங்கிலாந்தின் தெற்கே, டார்செட்டில் லைம் ரீஜிஸ், சார்மத் என்று இரண்டு சிறிய கடலோர ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே விடுமுறைக்குப் போனவர்கள், கரையில் பொறுக்கியது புதைபடிவமா, அதாவது கல்லாகிப்போன பழைய உயிரினமா என்று கேட்டுப் படங்களோடு அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கரையோரக் குன்றுகளின் கருஞ்சாம்பல் களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் 19 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல பதில்கள் தாமே விளங்கும்.

கேள்வி: அக்கா, சார்மத்தில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிழக்கே, பொடிச் சரளைக்குள் தங்க நிறத்தில் நகம் அளவு சுருள் ஒன்று கிடைத்தது. யாராவது தொலைத்த நகையாக இருக்குமோ என்று மனைவி சொல்கிறாள்.

பதில்: நகை இல்லை, அம்மோனைட். கணவாய்க்கு உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் விலங்கு. தங்க நிறம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமத்தால் வந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் ஓடு புதைந்தபோது, அங்கிருந்த பாக்டீரியாக்கள் உண்டாக்கிய சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து ஓட்டின் உள்ளறைகளை நிரப்பியது. படத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தடித்த விலா வரிகள் நேராக, கிளை பிரியாமல் ஓடுகின்றன. அந்தக் கரையில் இந்த அளவில் அதிகம் கிடைக்கும் புரோமைக்ரோசெராஸ் என்ற அம்மோனைட் வகை இப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. பைரைட் சாதாரணக் கூழாங்கல்லைவிட நல்ல கனம். அலை கனமான துண்டுகளை ஒரே இடத்தில் ஒதுக்கிவிடும். அதனால் ஒன்று கிடைத்த இடத்தை விட்டு நகராதீர்கள். அங்கேயே குந்தி, கையளவு சரளையை நிதானமாகக் கிளறுங்கள். கரை முழுக்க நடப்பவரைவிட ஒரே இடத்தில் குந்தியிருப்பவருக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: போன ஆண்டு எடுத்து வந்த பைரைட் அம்மோனைட்டுகள் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. டப்பாவைத் திறந்தால் கந்தக வாடை. வார்னிஷ் பூசினால் சரியாகுமா?

பதில்: இப்போது பூசாதீர்கள். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பைரைட்டைத் தாக்கி, அது சிதைந்து, கூடவே அமிலமும் உண்டாகிறது. பக்கத்தில் வைத்த காகிதச் சீட்டு கூடப் பழுத்து உதிரும். ஈரத்தை உள்ளே வைத்து மேலே வார்னிஷ் பூசினால் சிதைவு உள்ளுக்குள் தொடரும். பொடி பூத்தவற்றைத் தனியாக எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காலணிப் பெட்டிகளில் வருமே அந்தச் சிலிகா ஜெல் பைகளோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டதை மீட்க முடியாது. புதிதாக எடுத்து வருபவற்றை அன்றே நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, முழுக்கக் காயவைத்துவிடுங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அதோடு தீரும்.

கேள்வி: மகன் கொண்டுவந்தது துப்பாக்கி ரவையா? விரல் நீளம், ஒரு முனை கூர்மை.

பதில்: பெலம்னைட். இதுவும் கணவாய் வகைதான். அதன் உடலுக்குள், வால்பக்கம் இருந்த கடினமான பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. உடைந்த முனையைப் பாருங்கள்: நடுவிலிருந்து சுற்றிலும் கதிர்போல விரியும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) இழைகள் தெரியும். உலோகத்தில் அது வராது. அகன்ற முனையில் கூம்பு வடிவக் குழி இருந்தால் இன்னும் நல்ல துண்டு, பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கறுப்பு நிற வட்டக் கல். ஐந்து சென்டிமீட்டர் அகலம், நடுவில் குழி. எலும்பு என்று நம்ப ஆசையாக இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: வடிவத்தை நம்பாதீர்கள். கடல் எந்தக் கல்லையும் எந்த வடிவத்துக்கும் தேய்க்கும். குழி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தேய்மானம்தான். இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் முதுகெலும்பு வட்டு என்றால் இரண்டு முகமும் நடுவை நோக்கிக் குழிந்திருக்கும், விளிம்பு தடித்திருக்கும். அடுத்து, உடைந்த அல்லது தேய்ந்த ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பானால் ரஸ்க்கை உடைத்தால் தெரிவது போன்ற நுண்துளைகள் இருக்கும். சேற்றுக்கல்லானால் வெறும் வழவழப்பு.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் அந்தத் துளைகள் தெளிவாகத் தெரிகின்றன, இரு முகமும் குழிந்திருக்கின்றன. இது இக்தியோசார் முதுகெலும்புதான். மனமார்ந்த வாழ்த்துகள்! 1811இல் இதே கரையில்தான் ஜோசப் ஆனிங் ஓர் இக்தியோசாரின் மண்டையோட்டைக் கண்டான். அடுத்த ஆண்டு அவன் தங்கை மேரி உடலின் மீதியைத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். பின்னர் 1823இல் நீண்ட கழுத்துடைய கடல் ஊர்வனமான பிளெசியோசாரின் முழுமையான எலும்புக்கூட்டையும் அவளே வெளிக்கொண்டு வந்தாள். தச்சர் வீட்டுப் பெண், பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. அவள் கண்டெடுத்தவற்றை வைத்துக் கட்டுரை எழுதிய கனவான்களில் பலர் அவள் பெயரைக் கூடக் குறிப்பிடவில்லை. அதனால்தான் நான் யார் கேட்டாலும் முதலில் மேரியின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: அதைச் சார்மத் ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டரில் காட்டுங்கள். கடற்கரைக்கு ஒட்டியே இருக்கிறது. அங்குள்ளவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அந்தக் கரைக்கென்று ஒரு சேகரிப்பு விதிமுறை உண்டு. அறிவியல் முக்கியத்துவம் உள்ளதைப் பதிவு செய்யச் சொல்வார்கள், ஆனால் பொருள் உங்களிடமே இருக்கும். தனி வட்டு அடிக்கடி கிடைப்பதுதான். பக்கத்திலேயே இரண்டாவது, மூன்றாவது எலும்பு தெரிந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். படமெடுத்து, இடத்தைக் குறித்து, உடனே சொல்லுங்கள்.

கேள்வி: நார் நாராக இருக்கிறது, கல்லாகிய மரமா?

பதில்: இல்லை. நார்க் கால்சைட், அந்தப் பக்கத்தில் ‘பீஃப்’ என்பார்கள். நார்கள் படலத்துக்குக் குறுக்காக நின்று நடுக்கோட்டில் சந்திக்கின்றன பாருங்கள். மரத்தில் இழை நீளவாக்கில் ஓடும்.

கேள்வி: லைம் ரீஜிஸுக்குக் கிழக்கே பழுப்பும் தங்கமுமாகக் கனமான கட்டி. பைரைட் தானே?

பதில்: காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பழைய இரும்பு. சாதாரணக் காந்தத்தில் பைரைட் ஒட்டாது. ஊரின் பழைய குப்பைமேடு அந்தக் குன்றின் மேல்தான் இருந்தது. 2008 மே மாதம் பெரிய சரிவு ஏற்பட்டு அது கடற்கரைக்கு வந்துவிட்டது. கண்ணாடி, பீங்கான், துருப்பிடித்த உலோகம் எல்லாம் இன்னும் கிடக்கின்றன. குழந்தைகளுக்குக் கையுறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: கீழே பொறுக்குவதைவிட, சுத்தியலால் குன்றையே உடைத்தால் நல்லது கிடைக்காதா அண்ணி?

பதில்: வேண்டவே வேண்டாம். பிளாக் வென் போன்ற குன்றுகள் சிறு அசைவுக்கும் கல் உதிர்ப்பவை, மழைக்குப் பின் சேறாக வழிபவை. அந்தச் சேற்றில் இடுப்புவரை சிக்குவார்கள். விதிமுறையும் குன்றை அனுமதியின்றித் தோண்டக் கூடாது என்கிறது. தேவையும் இல்லை, கடலே உடைத்துக் கழுவித் தருகிறது. குளிர்காலப் புயல் ஓய்ந்த பிறகு, கடல் வற்றத் தொடங்கும்போது இறங்குங்கள். ஏறத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். அலை குன்றின் அடிவரை வந்துவிடும், ஒதுங்க இடமிருக்காது. தரையில் கிடக்கும் சுண்ணாம்பு உருண்டைகளை மட்டும் உடையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, பாறைக்கான சுத்தியலால். தச்சுச் சுத்தியலின் முனை சிதறும். லைமுக்கு மேற்கே, மன்மத் கடற்கரைப் பாறைத்தளத்தில் பதிந்திருக்கும் பெரிய அம்மோனைட்டுகளில் கை வைக்காதீர்கள். படம் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜையறைச் சாளக்கிராமத்தில் உள்ள சக்கரமும் இதே சுருளா? அப்படியானால் இரண்டும் ஒரே காலத்தவையா?

பதில்: ஆம், அதுவும் அம்மோனைட்தான். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. இமயம் எழும்புமுன் அங்கிருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்தது. காலம் ஒன்றல்ல. அதுவும் ஜுராசிக்தான், ஆனால் சார்மத் அதன் தொடக்கம், கண்டகிக் கற்கள் அதன் கடைசிப் பகுதி. இடையில் மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெரம்பலூர் மாவட்டம் காரையில், செம்மண் ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டும் பெலம்னைட்டும் அதற்கும் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தவை. ஊருக்குப் போகும்போது அங்கே நடந்து பாருங்கள். கடல் இப்போது வெகு தொலைவில் இருந்தாலும், அதுவும் பழைய கடலடிதான்.

கேள்வி: பிள்ளைகள் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையச் சேர்த்திருக்கிறார்கள். மொத்தமாகப் படமெடுத்து அனுப்பட்டுமா?

பதில்: தனித்தனியாக. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உடைந்த ஓரம் இருந்தால் அதையும் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எந்தக் கரை, குன்றுக்கு எந்தப் பக்கம், என்று எடுத்தது என்பதையும் எழுதுங்கள். இடம் தெரிந்தால் பாதி அடையாளம் தெரிந்த மாதிரி. அதைப் பிள்ளைகளையே துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றோடும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.