மிச்சமிருப்பது மழையா, பிழையா?

கேள்வி: வெப்பமண்டலக் கடலடி வண்டலிலிருந்து எடுத்த ‘குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர்’ என்ற ஒற்றைச்செல் கடலுயிரியின் ஓடுகளை ஆய்வு செய்கிறேன். கடைசிப் பனியுக உச்சத்தோடு ஒப்பிட்டால், மேலடுக்கு ஓடுகளில் கனமான ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்கு 1.8 குறைந்திருக்கிறது. மக்னீசியம்-கால்சியம் விகிதம் மோலுக்கு 3.3 மில்லிமோலிலிருந்து 4.2 ஆகியிருக்கிறது. கடல் சூடானது, மழையும் பெருகியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: முதல் பாதியை எழுதலாம். மழைக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நீர் சூடாக இருந்தால் இந்த ஒற்றைச்செல் உயிரி தன் ஓட்டில் கால்சியத்தின் இடத்தில் மக்னீசியத்தைக் கூடுதலாகச் சேர்க்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு. உங்கள் எண்களுக்கு அது சுமார் 2.7 டிகிரி ஏற்றம்.

ஆக்சிஜன் கணக்கில் மூன்று பங்காளிகள். பனியுகத்தில் இலேசான ஆக்சிஜன் கொண்ட நீர் பனிப்பாளங்களில் முடங்கியதால், கடல்நீர் முழுவதிலும் ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 கூடியிருந்தது. அதைக் கழித்தால் 0.8. நீர் சூடானால் ஓட்டில் சேரும் ஆக்சிஜன்-18 குறையும்; டிகிரிக்கு 0.22 வீதம் வெப்பத்தின் பங்கு 0.6. மிஞ்சுவது வெறும் 0.2. மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரைவிட இலேசானவை என்பதால், இந்த மிச்சத்தைத்தான் மழையின் பங்கு என்கிறோம்.

மக்னீசிய வெப்பமானியோ 1 டிகிரி முன்பின் காட்டும். அந்த ஒரு பிழையே 0.22, உங்கள் மழையை அப்படியே விழுங்கிவிடும். வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தப் பாகப்பிரிவினையில் முன்னோடிகளே தடுமாறினார்கள். 1955-இல் செசாரே எமிலியானி பெரும்பங்கை வெப்பத்துக்குக் கொடுத்தார். 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் அதைப் பனிக்கு மாற்றினார்.

வெப்பக் கணக்கையும் ஒருமுறை சோதியுங்கள். ஓட்டுக்குள் ஒட்டிய களிமண் மக்னீசியத்தைக் கூட்டிக் காட்டும். கூடவே அலுமினியமும் உயர்ந்திருந்தால் கழுவியது போதவில்லை என்று பொருள். ஆழ்கடலில் ஓடு கரையத் தொடங்கினால் மக்னீசியம் குறைந்து, கடல் குளிர்ந்ததுபோல் தோன்றும். கரைந்த ஓடு எளிதில் உடையும் என்பதால், உடைந்த ஓடுகள் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பாருங்கள். இரண்டு அளவீடுகளையும் ஒரே அளவுள்ள ஓடுகளில்தான் செய்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள்.

மழையை விட மனமில்லையென்றால் பேரியம்-கால்சியம் விகிதத்தை அளந்து பாருங்கள். ஆறுகள் கடலுக்குப் பேரியம் கொண்டுவருகின்றன. கினி வளைகுடாவில் இவ்வழியில் ஆப்பிரிக்கப் பருவமழையின் பழைய ஏற்றத்தாழ்வை மீட்டிருக்கிறார்கள். உங்கள் இடம் ஆற்று முகத்துவாரத்திலிருந்து வெகுதொலைவு என்றால் இது உதவாது. அப்போது, ‘மழை மாற்றம் பிழை எல்லைக்குள் அடங்குகிறது’ என்று எழுதி, 0.2-ஐயும் அதன் பிழை அளவையும் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.