கடனைத் தவணையாக்கித் தர முன்பணம் கேட்டால் கட்டலாமா?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் இரண்டும் நிலுவை, வங்கியிடம் பேசித் தவணையாக்கித் தர ஒரு ஏஜென்சி 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது, கட்டலாமா என்று.

கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கடனில் கழியாது. வட்டி, அபராதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கி ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. 'இனி இஎம்ஐ கட்டாதீங்க' என்றும் சொல்கிறார்களா? அப்படியானால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்கள் பேசப்போவதும் அதே வங்கியிடம்தான். நீங்களே கிளைக்குப் போய், வருமானம் குறைந்ததற்கான ஆதாரத்தோடு எழுத்தில் கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்தால் நல்லது. ஒரே தொகையாகக் குறைத்து முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். எதுவானாலும் வங்கியின் கடிதம் கைக்கு வந்தபின் பணம் கட்டுங்கள், அதுவும் கடன் கணக்கிலேயே.

வங்கி மசியவில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மனு கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். கட்டணம் கிடையாது, அங்கே எழுதும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். புதுச்சேரியிலும் இந்த வசதி உண்டு. வங்கிக்கு அனுப்பிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதுவும் இலவசம்தான். அப்புறம், வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிட்டால் நேரத்தைக் குறித்து வையுங்கள், புகாரில் சேர்க்கலாம்.