மரப் பெருமாள் சிலையில் வெடிப்பு: சரிசெய்யலாமா, அடுத்த சிலைக்கு என்ன கேட்பது?

கேள்வி: மூன்றடி உயர வெங்கடாசலபதி சிலை ஒன்று வாங்கினோம். வாகை மரம், ஒரே கட்டையில் செதுக்கியது என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினார்கள். ஹாலில் ஏசிக்கு எதிரே வைத்திருக்கிறோம். ஐந்தே மாதத்தில் மார்பில் தொடங்கி முழங்கால் வரை ஒரு வெடிப்பு. பின்னமான சிலை வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார் மாமியார். அதோடு, 'அத்தி வரதர் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறாரே, வாரம் ஒரு முறை அபிஷேகம் செய்திருந்தால் வெடித்திருக்காது' என்றும் சொல்கிறார். இதைச் சரிசெய்ய முடியுமா? மகளின் புது வீட்டுக்கு இரண்டடி மகாலட்சுமி ஒன்று செய்யக் கொடுக்கப் போகிறோம். இந்த முறை ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்களை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. ஒரே கட்டை என்று அவர்கள் சொன்னது உண்மையாக இருந்ததால்தான் வெடித்திருக்கும். முழுக் கட்டையில் செதுக்கிய சிலைகள்தான் அதிகம் வெடிக்கின்றன. வாங்குபவர்கள் அதற்குத்தான் கூடுதல் காசும் கொடுக்கிறார்கள்.

காரணம் எளிது. மரம் காயும்போது சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்குவாக்கில்தான் சிக்கல். நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஒரு பங்கு சுருங்கினால், வளையங்களைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். சுற்றளவு குறைகிற அளவுக்கு உள்ளே இருக்கும் மரம் இடம் கொடுப்பதில்லை. அப்புறம் எங்காவது ஓரிடத்தில் பிளந்துதானே ஆக வேண்டும்? உங்கள் சிலையை இரண்டு பேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்து, பீடத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்ட ரேகைகள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளி பீடத்துக்குள்ளேயே இருந்தால், அந்தப் புள்ளி சிலையின் வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் ஓடுகிறது என்று பொருள். மேலே தெரியும் வெடிப்பு அந்த நடுப்புள்ளியை நோக்கித்தான் உள்ளே போயிருக்கும். வெளியே அகலம், உள்ளே போகப் போகக் குறுகல்.

வாகை என்று உங்களுக்குச் சொன்னது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரமாக இருக்கும். சிற்பிகள் தூங்குவாகை என்பார்கள். மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்ற தம்மம்பட்டியில் அதிகம் உளி படுவது இந்த மரத்தில்தான். இது நம் ஊர் மரமே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. எந்தச் சிற்ப நூலும் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சிற்பிகள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு நியாயம் இருக்கிறது: பெரிய கட்டை கிடைக்கும், உளிக்கு இணங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும். அதனால் பச்சையாகவே செதுக்கலாம். அந்த மரமே வெடித்திருக்கிறது என்றால் இரண்டு சந்தேகங்கள் வருகின்றன. கட்டை மிகவும் பச்சையாக இருந்திருக்கும், உங்கள் ஏசி அதை அவசரமாக உலர்த்தியிருக்கும். என் பார்வையில் இரண்டும் சேர்ந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: சிலையை ஏசிக் காற்று நேரே படாத, வெயிலும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் எடை மெஷினில் சிலையை நிறுத்து எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரமானி என்று கடைகளில் விற்கிறார்கள். அதன் ஊசி தொடுவது மேல்தோலை மட்டும்தான், உள்ளே ஓர் அங்குல ஆழத்தில் என்ன ஈரம் என்று அதற்குத் தெரியாது. எடை பொய் சொல்லாது.

எடை ஒரே இடத்தில் நிற்கும்வரை வெடிப்பில் எதையும் திணிக்காதீர்கள். கடைக்காரர்கள் உடனே எம்-சீல் போன்ற பட்டியை அடைத்து, மேலே வண்ணம் தொட்டுக் கொடுத்துவிடுவார்கள். கோடையில் வாய் திறந்திருக்கும் வெடிப்பைக் கல் மாதிரி இறுகும் பொருளால் அடைத்தால், ஐப்பசி மழையில் மரம் ஊதும்போது அதற்கு இடமிருக்காது. பட்டி பிதுங்கும், அல்லது பக்கத்தில் புதிதாக ஒரு வெடிப்பு விழும். ஒரு மழைக்காலம் கழியட்டும். அதன் பிறகும் வாய் திறந்திருந்தால், அதே மரத்தில் சன்னமான சில்லு ஒன்றை ஆப்பு வடிவில் சீவி, ரேகை மேலும் கீழுமாக ஓடும்படி வெடிப்புக்குள் இறக்கி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவி உட்கார வைத்து, வெளியே துருத்துவதை உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பசை என்பது முக்கியம். மறுபக்கம் அசைய இடம் வேண்டும். நல்ல சிற்பி செய்தால், மாலை சாத்திய பிறகு வெடிப்பு இருந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கும். மயிரிழை வெடிப்பாகச் சுருங்கிவிட்டால் அதுவும் தேவையில்லை, தேன்மெழுகில் மரத்தூள் குழைத்துத் தடவினால் போதும்.

பின்னம் பற்றி. கை, தலை போன்ற பிரதான அங்கம் உடைவதையும், விரல் நுனி, ஆபரணம் போன்றவை சேதமாவதையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சிறிய சேதத்தைச் சரிசெய்து வழிபாட்டைத் தொடர்வதற்கு இடமுண்டு. உங்கள் சிலையில் எந்த அங்கமும் போகவில்லை. மரத்துக்கு ஆயுள் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட சம்பிரதாயமே நம்மிடம் இருக்கிறது. பூரியில் ஜகந்நாதர் வேப்பமரத் திருமேனி. பஞ்சாங்கக் கணக்குப்படி சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதிதாகச் செய்து மாற்றுகிறார்கள். 1996-இலும் 2015-இலும் அப்படி மாற்றினார்கள். பிராணப் பிரதிஷ்டை செய்த விக்கிரகமாக இருந்தால் மட்டும், உளி வைப்பதற்கு முன் உங்கள் வீட்டுக்கு வரும் பட்டாச்சாரியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் சொல்ல வேண்டியது, நான் சொல்வது முறையல்ல.

இனி அத்தி வரதர். மாமியாரின் வாதம் ரசிக்கும்படி இருக்கிறது, ஆனால் நேர் எதிரான முடிவுக்குக் கொண்டுபோகிறது. காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டுகள் இருக்கிறார் வரதர். 1979-க்குப் பிறகு 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். முழுக்க நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்கு ஈரம் ஏறி இறங்குவதில்லை, மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு வேண்டிய காற்றும் கிடைப்பதில்லை. மரத்தைக் கெடுப்பது தண்ணீர் அல்ல, நனைந்து காய்ந்து நனைந்து காய்வது. வெள்ளிக்கிழமை பாலும் தேனும் ஊற்றி, சனிக்கிழமை ஏசியில் உலர்த்தினால் அதைத்தான் செய்வீர்கள். பால் வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் பூஞ்சைக்கும் விருந்து. மரத்தில் மூலவர் இருக்கும் கோயில்களே இதைத் தெரிந்து வைத்திருக்கின்றன. மயிலாடுதுறை அருகே கோழிகுத்தி வானமுட்டிப் பெருமாள் அத்தி மரம்தான், அவருக்கு அபிஷேகம் இல்லை, தைலக்காப்புதான். உங்கள் வீட்டில் சின்ன வெண்கலப் பெருமாள் ஒருவரை முன்னால் எழுந்தருளச் செய்து, திருமஞ்சனத்தை அவருக்குச் செய்யுங்கள்.

தைலக்காப்பு என்றதும் சமையலறை எண்ணெயை எடுத்துத் தடவிவிடாதீர்கள். அது சந்தனம், சாம்பிராணி முதலியவை சேர்த்துப் பக்குவமாகக் காய்ச்சுவது. தேங்காய் எண்ணெய் உலராது. பிசுபிசுப்பில் விளக்குப் புகையும் தூசியும் ஒட்டி, வருடத்துக்குள் முகம் கருத்துவிடும். வீட்டுக்கு மெழுகு பாலிஷ் போதும்.

சரி, மகாலட்சுமிக்கு வருவோம். இரண்டடி உயரத்தில் பத்மாசனத்தில் அமர்ந்த தாயார் என்றால், ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை ஒன்றரை அடிக்கு மேல் அகலம் வரும். அந்த அகலத்துக்கு ஒரே கட்டை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மரத்தின் நடுப்புள்ளி அநேகமாகச் சிலைக்குள் வந்துவிடும். நீங்களே வெடிப்பை ஆர்டர் கொடுத்த மாதிரி. அதற்குப் பதிலாக, கட்டையை நடுவில் பிளந்து, நடுப்புள்ளியை ஒதுக்கிவிட்டு மீதியில் உடலைச் செதுக்கச் சொல்லுங்கள். முழங்கால்களுக்கு இரு பக்கமும் அதே மரத்தில் துண்டு சேர்க்கலாம்.

கைகளுக்கும் இதே கதைதான், ஆனால் காரணம் வேறு. மரத்தின் ரேகை தலையிலிருந்து பீடத்துக்கு ஓடுகிறது. அபயம் காட்டும் கை முன்னால் நீளும்போது ரேகை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிஸ்கட் மாதிரி, தட்டினால் முறியும். துடைக்கும்போது துணி மாட்டி விரல் போன சிலைகள் எத்தனையோ. முன்கையைத் தனியாக, ரேகை கையின் நீளத்தோடு ஓடும்படி செதுக்கி, முளை வைத்துப் பொருத்தினால் பலம் அதிகம். பொருத்திய இடத்தைக் கங்கணம் மறைத்துவிடும். ஆகவே 'ஒட்டு வேலையா?' என்று முகம் சுளிக்காமல், எங்கே ஒட்டு, எந்தத் திசையில் ரேகை என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்கிறவரிடம் சிற்பி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்.

உலர்த்துவதைப் பற்றி யதார்த்தமாக இருங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது நிழலில் காயவைப்பதற்கான பழைய கணக்கு. ஓரடிக் கனக் கட்டைக்குப் பன்னிரண்டு வருடம், யாரும் காத்திருக்க மாட்டார்கள். நடைமுறைக்கு ஒத்த வழி இரண்டு கட்டமாகச் செய்வது. முதலில் காகிதத்தில் அளவு வரைந்து, கட்டையில் நடுக்கோடு போட்டு, வாச்சியாலும் பெரிய உளியாலும் உருவை மட்டும் வெளியே எடுப்பார்கள். பார்க்கத் தலை, தோள், மடி என்று மொத்தையாக இருக்கும். இந்த நிலையில் அடியிலும் தலையிலும் வெட்டுவாயில் மெழுகு பூசி, முதுகுப் பக்கம் உள்ளே குடைந்துவிட்டு, சில மாதம் நிழலில் போட வேண்டும். குடைந்ததால் கனம் குறையும், வேகமாகக் காயும். வெடிப்பதாக இருந்தாலும் இப்போதே வெடித்துவிடும், முகம் இன்னும் வராததால் நஷ்டமும் இல்லை. அதன் பிறகுதான் நகை, மடிப்பு, விரல் எல்லாம். முகம் கடைசியில், அதிலும் கண் கடைசி. முதுகைக் குடைவதற்கு சம்மதம் கொடுத்துவிடுங்கள். தாயார் சுவர் ஓரமாகத்தான் இருக்கப் போகிறார்.

பணம் கொடுக்கும் முன் இந்த மொத்தை உருவைப் போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள். அளவு சரியா என்று அப்போதே தெரிந்துவிடும். தாளம் என்பது சிற்பிகளின் அளவு முறை, தச தாளம் என்றால் பத்துத் தாள உயரம். பெருமாளுக்கு உயரத்தை 124 பாகமாக வைக்கும் உத்தம தச தாளம் என்றால், தேவியருக்கு 120 பாகம், மத்திம தச தாளம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான், அதனால்தான் குள்ளமாக, குழந்தை மாதிரி இருக்கிறார். எந்தத் தாளம் என்று கேட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் வரைபடத்தையாவது காட்டச் சொல்லுங்கள்.

மெஷினில் உருவெடுத்துக் கையால் முடிப்பதும் இப்போது நடக்கிறது. அதில் தப்பில்லை, கைவேலை விலை வாங்காத வரைக்கும். கைக்கும் உடலுக்கும் நடுவே, காதுக்குப் பின்னால், தாமரை இதழின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சீரான மெல்லிய இணைகோடுகள் இருந்தால் மெஷின். உளித் தடம் ஒன்றுபோல் இராது.

எந்த மரம்? தேக்கு கிடைத்தால், விலை கட்டுப்படியானால், தேக்கு. இல்லையென்றால் தூங்குவாகையே போதும். அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பட்டறைகளில் வாகை, மா, வேம்பு என்று பலதும் பார்க்கலாம். எந்த மரமானாலும் வெளிவட்டத்தில் இருக்கும் வெளுத்த பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியில் செய்யச் சொல்லுங்கள். உளுக்கும் வண்டு தேடுவது அந்த வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத்தான். தேக்கின் வெள்ளையைக்கூட அது விடாது. சந்தன மரம் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், வேறு வெள்ளை மரத்தில் சந்தன எண்ணெய் தடவியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிலை மகள் வீட்டுக்குப் போனதும் முதல் வருடம் கீழே ஒரு வெள்ளைத் தாள் விரித்து வைக்கட்டும். மாவு போலப் பொடி கொட்டினால் வண்டு இருக்கிறது, உடனே பட்டறைக்குச் சொல்ல வேண்டும். வார்னிஷ் அடிக்காமல் மெழுகோடு வாங்குங்கள், மருந்து வைப்பதானாலும் வெடிப்பைச் சரிசெய்வதானாலும் அதுதான் வசதி. மாத எடைக் கணக்கை அங்கேயும் தொடரச் சொல்லுங்கள். எடை நின்ற பிறகு ஏசி அறையில் வைத்தாலும் பயமில்லை, காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.